வரப்பில் கட்டும் கண்ணியும் வேட்டைதான்

வடகிழக்குப் பருவமழையில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீராணம், பெருமாள் ஏரி, ஊசுடு, பாகூர் என்று ஏரிகள் நிரம்பியதும் பறவைகள் வந்து இறங்கும். கூடவே கண்ணியும் வலையும் வந்துவிடும். மானையோ மயிலையோ சுட்டால்தான் கேஸ், கொக்கும் கௌதாரியும் கணக்கில் வராது என்று பிடிப்பவரும் நம்புகிறார், வாங்குபவரும் நம்புகிறார். அந்த நம்பிக்கைக்குச் சட்டத்தில் இடமே இல்லை.

1972-இல் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது, லைசென்ஸ் எடுத்துச் சில இனங்களை வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அந்த வழியை அடைத்தது. 2022 திருத்தம், 2023 ஏப்ரல் 1 முதல், உயிரினங்களைப் பட்டியலிடும் பழைய ஆறு அட்டவணைகளை நான்காகச் சுருக்கியது. மயிலும் வெளிமானும் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கொக்கு, கௌதாரி, முயல், புள்ளிமான், காட்டுப்பன்றி இரண்டாவதில். இந்த இரண்டில் எதில் பெயர் இருந்தாலும் 9-ஆம் பிரிவின்படி வேட்டைக்குத் தடை. தண்டனையின் அளவுதான் மாறும்.

2-ஆம் பிரிவில் வேட்டைக்குத் தரும் விளக்கத்தைப் பலர் படிப்பதில்லை. கொல்வது மட்டுமல்ல, விஷம் வைப்பது, கண்ணி வைப்பது, பிடிப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது எல்லாம் அதில் அடக்கம். முயற்சி செய்தாலே போதும், ஒரு பறவைகூட அகப்பட்டிருக்க வேண்டியதில்லை. பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் வேட்டைதான். நாரையும் நீர்க்காகமும் கூடுகட்டியிருக்கும் கருவேல மரத்தை அந்தப் பருவத்தில் வெட்டுபவர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இப்போது அதிகம் நடப்பது சத்தமில்லாத வேட்டை. காடை, கௌதாரியின் குரலை செல்போனில் ஏற்றி, சின்ன ஸ்பீக்கரைப் புதரடியில் வைத்து, சுற்றிலும் நைலான் வலை கட்டுகிறார்கள். வயலில் கொக்குக்கு நைலான் நரம்பில் சுருக்குக் கண்ணி. சிலர் உயிருள்ள கொக்கின் இமைகளைத் தைத்து, காலைக் கட்டி, மற்ற கொக்குகளை இறக்க வைக்கிறார்கள். அந்தக் கொடுமையைப் பார்த்த யாருக்கும் கறி இறங்காது. இன்னும் மோசமானது குருணை மருந்து (குருணையாக வரும் பூச்சிக்கொல்லி) கலந்த நெல். அது நரம்பைத் தாக்கும் விஷம். அதைத் தின்ற பறவையைத் தின்னும் நாய்க்கும் நரிக்கும் ஆபத்து, கறி வாங்கிப் போகிறவரின் வீட்டுப் பிள்ளைக்கும் ஆபத்து. வறுத்துவிட்டால் போய்விடும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

தண்டனைக்கு வருவோம். இரண்டாம் அட்டவணை உயிரினம் என்றால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை என்றால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு, அபராதமும் ரூ. 25,000-க்குக் குறையாது. சரணாலயத்துக்குள் வேட்டையாடினால், எந்த அட்டவணை என்று பார்க்காமல் இதே கடும் தண்டனைதான். பாகூர் வயலில் பிடித்த கொக்குக்கு ஒரு கணக்கு, ஊசுடு சரணாலயத்தில் பிடித்த அதே கொக்குக்கு வேறு கணக்கு. பணம் கட்டி சமரசம் செய்துகொள்ளும் வழியும் அங்கே கிடையாது.

சாலையோரம் காட்டுக் கௌதாரி வாங்குபவரையும் 49-ஆம் பிரிவு பிடிக்கும். கடைகளில் கிடைக்கும் பண்ணைக் காடை வேறு, அது ஜப்பானியக் காடை. யாரிடமாவது காட்டுப் பறவையோ அதன் கறியோ இருந்தால், அது சட்டப்படி வந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு அவருடையதே. சந்தை இல்லாவிட்டால் கண்ணி இல்லை. ஏழைப் பிடிகாரரை மட்டும் குறைசொல்லிவிட்டு, காரை நிறுத்தி வாங்குகிறவரை விட்டுவிடுவது நியாயமே அல்ல.

காட்டுப்பன்றி விஷயத்தில் விவசாயியின் வலி உண்மை. மணிலாவும் (நிலக்கடலை) கரும்பும் ஒரே இரவில் போய்விடும். அதற்காக மின்கம்பியைத் திருட்டுத்தனமாக வேலியில் இழுத்தாலோ அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்த நாட்டுவெடி) வைத்தாலோ மாடும் மனிதரும்தான் சாகிறார்கள், பன்றிக் கேஸ் மனித உயிர்க் கேஸாக மாறுகிறது. தமிழக அரசின் 2025 ஜனவரி ஆணைப்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வந்து பயிரை அழிக்கும் பன்றியைச் சுடலாம். சுடுவது பயிற்சி பெற்ற வனத்துறை ஆட்கள் மட்டுமே. 1 முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில் விடுவார்கள், 1 கி.மீ.க்குள் சுட அனுமதியில்லை. கறியை யாரும் எடுக்க முடியாது. ஆணை தமிழக எல்லைக்குள் மட்டுமே செல்லும், புதுச்சேரி வயலுக்குப் பொருந்தாது.

புகார் கொடுக்கும்போது இரண்டு இடத்தில் சறுக்குகிறது. ஒன்று எல்லை. ஊசுடு ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரி, மறு பகுதி விழுப்புரம் மாவட்டம். எந்தக் கரை என்று சொல்லாவிட்டால் இரு வனத்துறைகளுக்கும் நடுவே நேரம் போய்விடும். செல்போனில் இருப்பிடத்தைப் பதிந்து அனுப்புங்கள். இன்னொன்று சாட்சி. இறகு உரித்த கறியை வைத்து எந்த இனம் என்று சொல்வது கடினம், அதனால் இறகு, கால், அலகு தெரியும்படி தூரத்திலிருந்தே படம் எடுங்கள். வண்டி எண் தெரிந்தால் நல்லது. கண்ணியை நீங்களே அறுத்து எடுத்துப் போகாதீர்கள், அது பறிமுதல் செய்ய வேண்டிய பொருள். உயிரோடு சிக்கிய பறவை உங்கள் கைக்கு வந்துவிட்டால், காற்றுப் போகும் அட்டைப்பெட்டியில் இருட்டாக வைத்து, வாயில் தண்ணீர் ஊற்றாமல், அன்றே வனத்துறையிடம் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் தகவல் தராமல் வைத்திருந்தால் நல்லெண்ணத்தில் எடுத்தவர் மீதே கேள்வி வரும்.