எலி கட்சியும் அட்டை கட்சியும்

ஏர் ரைஃபிள் வாங்குறதுல எங்க வீட்ல யாருக்கும் ஆட்சேபணை இல்ல, எதுக்கு வாங்குறோம்ங்கறதுலதான் ரெண்டு கட்சி. பொண்ணு டார்கெட் ஷூட்டிங் க்ளாஸ் போறா, வீட்லயும் பிராக்டிஸ் பண்ண அவளுக்கு ஒண்ணு வேணும். வீட்டுக்காரருக்கு ஸ்டோர் ரூம் எலியைப் போட்டுத் தள்ளணும். அவரோட லெதர் ஷூவை அது கடிச்சு வச்ச நாள்லேர்ந்து அது சொந்தப் பகையாயிடுச்சு. "ஒண்ணே வாங்குவோம், ரெண்டுக்கும் ஆச்சு"ன்னார். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

பில் கட்டப்போறது நான், அதனால படிச்சுப் பாக்குற வேலையும் என் தலைல விழுந்துச்சு. முதல் தகராறே பெல்லட் சைஸ்ல ஆரம்பிச்சுது, பெல்லட்னா காத்தோட அழுத்தத்துல பறக்கற சின்னக் குண்டு. பரவலா இருக்கறது 4.5 மில்லிமீட்டரும் 5.5 மில்லிமீட்டரும். 10 மீட்டர் போட்டில சுடறது 4.5தான், அங்க குறி வைக்கிற அட்டைல நடுவுல இருக்குற பத்து மார்க் புள்ளி 0.5 மில்லிமீட்டர்தான், மூக்குக்கண்ணாடி போட்டுட்டு கைல வச்சுப் பாத்தாலே எனக்குத் தேட வேண்டியிருக்கு. 5.5 கொஞ்சம் கனமான பெல்லட், படுற இடத்துல அடி பலமா விழும், எலி பிடிக்கிறவங்க பலபேர் அதைத்தான் விரும்புறாங்க, ஆனா தூரம் போகப் போக சீக்கிரமா கீழ இறங்கிடும். 4.5 கிட்டத்தட்ட நேரா போகும். "அப்ப 5.5 வாங்கி அதுலயே அட்டையும் சுட்டா என்ன?"ன்னார். "ஓட்டை பெருசா விழுந்தா மார்க்கும் சும்மா கூடும்பா, அதெல்லாம் அழுகுணி ஆட்டம்"னா அவ.

அடுத்தது ஸ்பீடு. கடைல ஒரு பெட்டி மேல கொட்டை எழுத்துல செகண்டுக்கு 1250 அடின்னு போட்டிருந்துச்சு, அதைப் பாத்ததும் இவர் முகத்துல ஒரு வெளிச்சம். நான் முந்தின ராத்திரி முழுக்க இதைத்தான் படிச்சிருந்தேன்னு அவருக்குத் தெரியாது. இந்த மாதிரி நம்பரெல்லாம் பெரும்பாலும் ரொம்ப லேசான அலாய் பெல்லட்டைப் போட்டு எடுக்கறது, வழக்கமான ஈய பெல்லட்டைப் போட்டா அது எங்கயோ இறங்கிடும். அப்படியே அந்த ஸ்பீடு வந்தாலும் உபயோகம் இல்ல, சத்தத்தோட வேகமே செகண்டுக்கு 1125 அடி வாக்குலதான், அதைத் தாண்டுனா பட்டாசு மாதிரி படீர்னு கேக்கும், பெல்லட்டும் ஆட ஆரம்பிச்சு குறி சிதறும். கடைக்காரரே "மேடம் சொல்றது சரிதான்"னு ஒத்துக்கிட்டப்ப இவர் அந்தப் பெட்டியை ரொம்ப நேரம் கீழ வைக்கல.

சட்டத்தையும் பாத்துட்டுத்தான் கைவைக்கணும், ஊருக்கு ஊர் மாறும். இங்கிலாந்துல பொதுவா பெல்லட்டோட சக்தி 12 ஃபுட் பவுண்டுக்கு (சுமார் 16 ஜூல்) மேல போனா ரைஃபிளுக்கு சர்டிஃபிகேட் வேணும், ஜெர்மனில 7.5 ஜூலைத் தாண்டினாலே கதை வேற. போட்டித் துப்பாக்கிங்க பெரும்பாலும் அந்த 7.5 ஜூல் பக்கமாத்தான் இருக்கும், காகிதத்துல ஓட்டை போட எதுக்கு அதுக்கு மேல பலம்?

அப்புறம் கடைக்காரர் காத்து அடைச்சு வச்சு சுடற வகையைக் காட்டினார், பிசிபின்னு சொல்றாங்க. உதைக்காது, குறி அருமையா இருக்கும், ரெண்டு கட்சிக்கும் பொதுவா இதுதான் பெஸ்ட்னார், அதுல எனக்கும் மறுப்பு இல்ல. ஆனா 200 பார் வாக்குல காத்து ஏத்தணும், கார் டயர்ல இருக்கறது 2 பார் சில்லறைதான், அப்ப யோசிச்சுக்கங்க. ஒண்ணு தனியா சிலிண்டர் வாங்கணும், இல்லாட்டி ஹேண்ட் பம்ப்ல ஏறி இறங்கணும். இதெல்லாம் இந்தக் காலத்து ஐடியான்னு நினைச்சிருந்தேன், பாத்தா 1780 வாக்குலயே ஆஸ்திரிய ராணுவம் ஜிரார்டோனின்னு ஒரு காத்துத் துப்பாக்கி வச்சிருந்திருக்கு, அமெரிக்காவுல லூயிஸ், கிளார்க்னு ரெண்டு பேர் புது இடம் தேடி மேற்குப் பக்கம் பயணம் போனப்பவும் ஒரு ஏர் ரைஃபிள் கூடப் போயிருக்கு. அந்த ஜிரார்டோனியை நிரப்ப ஆயிரம் தடவைக்கு மேல பம்ப் அடிக்கணுமாம். இதைச் சொன்னதும் ஜிம்முக்கு வருஷ சந்தா கட்டிட்டு வாசலைக்கூட மிதிக்காத மனுஷன் "ஸ்பிரிங் வகையே பாக்கலாம்"னுட்டார்.

ஸ்பிரிங்குலதான் உண்மையான பரீட்சை நடந்துச்சு. பேரலை, அதாவது குழலை, மடக்கி ஸ்பிரிங்கை ஏத்தணும், சுடும்போது அது பிஸ்டனைத் தள்ளி காத்தை அமுக்கும், பவர் கூடக்கூட மடக்குறதும் கஷ்டம். இவர் ஆசைப்பட்ட பெருசை பொண்ணு கைல குடுத்தா பாதி மடங்கி நின்னுடுச்சு, அவ சிவந்துபோய் முறைக்கிறா. "குடு இப்படி"ன்னு வாங்கி இவர் மடக்கினார், மடங்குச்சு, ஆனா தொண்டைலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு பாருங்க, பக்கத்து கவுண்டர்ல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. எலிக்குன்னா ராத்திரிக்கு ஒரு தடவை மடக்கினா போதும். அட்டை சுடறவ உக்காந்தா நூறு தடவை மடக்குவா. அங்கயே முடிவாயிடுச்சு: 4.5, மிதமான பவர், ட்ரிகர் நல்லா இருக்குற ஒரு ஸ்பிரிங். மேல மாட்டுற தொலைநோக்கி ஸ்கோப் வேணாம், குறி பாக்க துப்பாக்கிலயே இருக்குற இரும்பு சைட்லயே பழகட்டும். ஸ்பிரிங் துப்பாக்கி முதல்ல பின்னால உதைக்கும், உடனே முன்னால ஒரு இழு இழுக்கும், அதைத் தாங்குற மாதிரி செஞ்சதா இல்லேன்னா நல்ல ஸ்கோப்பே ஆட்டம் கண்டுடும்.

வீட்டுக்கு வந்ததும் இவர் வெறும் துப்பாக்கியை மடக்கி டொப்புனு சுட்டுக் காட்டப் பாத்தார், பொண்ணு ஓடிவந்து பிடுங்கினா. உள்ள பெல்லட் இல்லேன்னா காத்துக்குத் தடுப்பு இருக்காது, பிஸ்டன் நேரா போய் மோதி ஸ்பிரிங்கும் சீலும் போயிடும். அதோட ஒரு கண்டிஷனும் போட்டா: எலியோட தலைல குறி வைக்கிற இடமே ஒரு கட்டைவிரல் அகலம்தான், 10 மீட்டர்ல அந்த அகலத்துக்குள்ள தொடர்ந்து அஞ்சு போட்டுக் காட்டினாத்தான் எலிப்பக்கம் போகலாம். அது நியாயம்னுதான் எனக்கும் பட்டுச்சு. அரைகுறையா அடிபட்டு அது துடிக்கறதும் பாவம், சுவத்துக்குள்ள போய் செத்துட்டா அந்த நாத்தத்தோட குடும்பம் நடத்தப்போறது நான்.

மரப்பெட்டில பழைய பேப்பர் கட்டை இறுக்கி அடைச்சு, முன்னால அட்டையை ஒட்டி, பின்னால செங்கல் சுவரா பாத்து வச்சோம். தட்டை மூக்கு பெல்லட், வட்டமா வெட்டினாப்ல ஓட்டை விழும், எண்ண சுலபம். கண்ணுக்குக் கண்ணாடி, முடிச்சதும் ஈயக் கையை சோப்பு போட்டுக் கழுவணும், இதுல மட்டும் நான் சர்வாதிகாரி. ஆரம்பத்துல இவர் துப்பாக்கியை கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிச்சார், ஓட்டையெல்லாம் அட்டையோட நாலு மூலைலயும் இருந்துச்சு. ஸ்பிரிங்கை இறுக்கிப் பிடிக்கவே கூடாது, உள்ளங்கைல சும்மா உக்கார வச்சு அது இஷ்டத்துக்கு உதைக்க விடணும்னு பொண்ணு பாடம் எடுத்தா. நம்பமாட்டீங்க, பாஸ் ஆயிட்டார்.

அன்னிக்கு ராத்திரி ஸ்டோர் ரூம்ல சிவப்பு டார்ச்சோட ஸ்டூல் போட்டு உக்காந்தாச்சு. எலி வந்துச்சு. வந்து நேரா வாஷிங் மெஷின் மேல ஏறி, தண்ணி ஹோஸுக்கு முன்னால நின்னு மீசையைத் தடவுது. சுட முடியாது. கொஞ்ச நேரத்துல நகந்து மெயின் சுவிட்ச் பெட்டி பக்கம் போச்சு. அதுவும் முடியாது. அப்புறம் சிமெண்ட் தரைல வந்து நின்னுச்சு, இவர் ட்ரிகர்ல விரல் வைக்கப்போக, நான் பின்னாலேர்ந்து தோளைத் தட்டினேன், தரைல பட்ட பெல்லட் தெறிச்சு எந்தப் பக்கம் வரும்னு அதுக்கே தெரியாது. கடைசில ஜன்னல் கண்ணாடி முன்னால ஏறி எங்க ரெண்டு பேரையும் நிதானமா ஒரு பார்வை பாத்துட்டு, பைப் போற ஓட்டை வழியா போயிடுச்சு.

மறுநாள் அந்த ஓட்டைல ஸ்டீல் வூல் திணிச்சு மேல சிமெண்ட் பூசினேன், வேலை அரை மணி நேரம். எலி சமாச்சாரம் அத்தோட சரி. என்னைக் கேட்டா வீட்டு எலிக்கு முதல்ல பாக்க வேண்டியது ஓட்டை, துப்பாக்கி எல்லாம் தோட்டத்துலயும் கோடவுன்லயும் பின்னால மண்மேடு இருக்குறவங்களுக்கு.

இவர் மட்டும் துப்பாக்கியைக் கீழ வைக்கல. ஒவ்வொரு பேரலுக்கும் ஒரு பெல்லட்தான் ஒத்துப்போகும், அதைக் கண்டுபிடிக்கணும்னு (இது உண்மைதான், மறுக்கல) கம்பெனி கம்பெனியா டப்பா வாங்கி வரிசையா அடுக்கி வச்சிருக்கார். எந்த பெல்லட் எத்தனை மில்லிமீட்டர் சிதறுச்சுன்னு ஸ்கேல் வச்சு அளந்து, நோட்டுல கட்டம் போட்டு, ரெண்டு கலர் பேனால எழுதுறார், பொண்ணு தன் டர்னுக்காக வெளியில உக்காந்திருக்கா. மளிகை லிஸ்ட் எழுதுங்கன்னா மட்டும் இந்த வீட்ல பேனா கிடைக்கறதில்ல.