கஸ்ரிக் குளிசைக்குப் பின்னால் ஒளியும் கிருமி

திருகோணமலைப் பக்கம் மாதக்கணக்கில் வயிறு ஊதல், புளிச்சேப்பம், மேல்வயிற்றெரிவு என்றால் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான்: கஸ்ரிக். பழி பிந்திச் சாப்பிட்ட சோற்றின் மீதும் உறைப்புக் கறியின் மீதும் போகும். 1982இல் அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷலும் ரொபின் வொரனும் இரைப்பைப் புண்ணுக்குக் காரணமாகும் ஹெலிகோபக்டர் பைலோரி கிருமியை இரைப்பையிலிருந்து எடுத்து வளர்த்துக் காட்டும்வரை வைத்தியர்களும் ஏறத்தாழ அதையேதான் சொன்னார்கள்.

வயிற்றுக்குள் கமரா விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோபி அறையில் முதலில் கேட்க வேண்டியது எங்கே நோகுது என்பதல்ல. "மருந்து ஏதும் பாவிக்கிறீங்களா ஐயா?" என்றால் "இல்லை" என்றே பதில் வரும். "கஸ்ரிக் குளிசை?" என்று பெயர் சொல்லிக் கேட்டால்தான், "அது எப்பவும் போடுறதுதானே!" அமிலத்தைக் குறைக்கும் அந்த ஒமெப்ரசோல் குளிசை பலருக்கு மருந்துக் கணக்கிலேயே சேர்வதில்லை. கிருமி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை பிழையாவது பெரும்பாலும் இங்கேதான். அமிலம் குறைந்ததும் கிருமியின் எண்ணிக்கை குறையும், இரைப்பையின் கீழ்ப்பகுதியை விட்டு மேலே ஒதுங்கும். ஆகவே ஒமெப்ரசோல் வகையை 2 வாரமும், அன்ரிபயோட்டிக், பிஸ்மத் என்ற வயிற்று மருந்து என்பவற்றை 4 வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும். இடையில் எரிவு தாங்காவிட்டால் அமிலத்தை முறிக்கும் வெள்ளைப் பாணி மருந்து குடிக்கலாம். புண்ணில் இரத்தம் கசிந்தவர்கள் மட்டும் எதையும் தாமாக நிறுத்தக் கூடாது.

சோதனைக்காக இரைப்பையில் சிறு துண்டு எடுப்பதிலும் கவனம் வேண்டும். கீழ்ப்பகுதியில் ஒன்று, நடுப்பகுதியில் ஒன்று என இரண்டு இடத்தில் எடுத்து, யூரியா கலந்த மஞ்சள் ஜெல்லுக்குள் முழுதாகப் புதைக்க வேண்டும். கிருமியின் யூரியேஸ் நொதியம் யூரியாவை உடைத்து அமோனியா ஆக்கும், ஜெல் இளஞ்சிவப்பாகும். கிருமி நிறைய இருந்தால் ஒரு மணித்தியாலத்துக்குள்ளேயே நிறம் மாறும். இல்லை என்று எழுத 24 மணித்தியாலம் பொறுக்க வேண்டும். அதற்குப் பிறகு மாறும் நிறத்தை நம்ப முடியாது. நுணுக்குக்காட்டித் துண்டைப் பதப்படுத்தும் ஃபோர்மலினில் நனைந்த இடுக்கியால் எடுத்த துண்டு பொய் சொல்லும். அதனால் ஜெல்லுக்குரியதை முதலிலும் நுணுக்குக்காட்டிக்குரியதைப் பிறகும் எடுப்பதே வழக்கம்.

கிருமிக்கு எதிராக உடல் ஆக்கும் பிறபொருளெதிரியை இரத்தத்தில் பார்க்கும் சோதனை சுலபம்தான், ஆனால் கிருமி போன பின்னும் அது நெடுநாள் 'உண்டு' என்றே காட்டும். மலச் சோதனை, மூச்சுச் சோதனை இரண்டும் அதைவிட நம்பகமானவை. எடை குறைதல், கறுப்பு மலம், விழுங்கக் கஷ்டம், ஓயாத வாந்தி, இரத்தசோகை இருந்தால் கமரா விட்டே பார்க்க வேண்டும்.

சிகிச்சையாகப் பரவலாகக் கொடுப்பது ஒமெப்ரசோல் 20 மி.கி., அமொக்சிசிலின் 1 கிராம், கிளாரித்ரோமைசின் 500 மி.கி.; மூன்றும் காலை மாலை, 14 நாள். பெனிசிலின் ஒவ்வாதவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கொலஸ்ட்ரோலுக்கு சிம்வாஸ்டாட்டின் போடுபவர்களுக்கு கிளாரித்ரோமைசினோடு சேர்ந்தால் தசை கெடலாம். வாய் கசக்கும், வயிறு இளகும்; ஐந்தாம் நாள் நிறுத்திவிட்டு மிச்சத்தை அலுமாரியில் வைப்பதுதான் பெரிய சிக்கல். மிஞ்சும் கிருமி அந்த மருந்தை எதிர்க்கப் பழகிவிடும்.

றமழானில் நோன்பிருக்கும் மூதூர், கிண்ணியா நோயாளிகளோடு நாட்காட்டியைப் பார்த்தே பேச வேண்டும். இரு வேளைக் குளிசை சஹருக்கும் இப்தாருக்கும் பொருந்தும். பிஸ்மத் சேர்ந்த நான்கு வேளை முறை பொருந்தாது. இரத்தக்கசிவு இல்லாதபோது, வருடக்கணக்காக உள்ளே இருந்த கிருமிக்காகப் பெருநாள் வரை காத்திருப்பதால் ஒன்றும் கெட்டுவிடாது.

கிருமி போனால் வயிற்றுக்குத்தும் போகும் என்று வாக்குக் கொடுப்பது சரியல்ல. கமராவில் புண் எதுவும் தெரியாத அஜீரணக்காரர்களில், கிருமியை ஒழித்ததால் மட்டும் குணம் காண்பவர் ஏறத்தாழ 14 பேரில் ஒருவர்தான். மற்றவர்களுக்கும் புண்ணும் புற்றுநோயும் வரும் வாய்ப்பு குறைகிறது. வயிறு ஊதல் அப்படியே இருக்கலாம். மருந்து முடிந்து 4 வாரம் கழித்து மறுசோதனைக்கு வருபவரிடமும், "இப்ப கஸ்ரிக் குளிசை போடுறீங்களா?" என்று திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது.