எம்பிஎச்சா, எம்எஸ்ஸா? பொது சுகாதாரப் பள்ளியில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் படித்த அனுபவம்

அமெரிக்காவில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ், அதாவது மருத்துவ, சுகாதாரத் தரவுகளுக்கான புள்ளியியல், படிக்கலாமா என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, கணக்கு எதுவரை படித்திருக்கிறீர்கள் என்பதுதான். மதிப்பெண், கல்லூரியின் பெயர், முதுநிலைச் சேர்க்கைக்கான ஜிஆர்இ தேர்வு எல்லாம் அப்புறம். நான் இளநிலையில் படித்தது உயிரித் தொழில்நுட்பம். பிறகு ஒரு பொது சுகாதாரப் பள்ளியில் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸில் எம்எஸ் (அறிவியல் முதுநிலைப் பட்டம்) முடித்தேன். நடுவில் பட்ட பாட்டில் முக்கால்வாசி கணக்கோடு பட்டது. மிச்சம் விண்ணப்ப வேலை.

அமெரிக்காவில் இந்தத் துறை பெரும்பாலும் பொது சுகாதாரப் பள்ளிக்குள்தான் இருக்கிறது. எபிடெமியாலஜி (மக்களிடையே நோய் பரவுவதை ஆராயும் துறை), சுகாதாரக் கொள்கை, சுற்றுச்சூழல் சுகாதாரம் ஆகியவற்றுக்குப் பக்கத்து அறை என்று வைத்துக்கொள்ளலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 1918 முதல் இருந்துவருகிறது. ஹார்வர்டு, சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகம், ஆன் ஆர்பரில் உள்ள மிஷிகன், சாப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா ஆகிய பெரிய இடங்களிலும் அப்படித்தான். இதனால் ஒரு குழப்பம் வருகிறது. ஒரே பள்ளி, ஒரே துறை, ஆனால் பட்டம் இரண்டு மூன்று வகை. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸைச் சிறப்புப் பிரிவாக எடுத்து எம்பிஎச் (பொது சுகாதார முதுநிலைப் பட்டம்) படிக்கலாம். நேரடியாக பயோஸ்டாட்டிஸ்டிக்ஸில் எம்எஸ் படிக்கலாம். பிஎச்டியும் உண்டு. வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு முதல் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே போனால் அவை வேறு வேறு ஆட்களை உருவாக்கும் படிப்புகள்.

எம்பிஎச் ஒரு தொழில்முறைப் பட்டம். பொது சுகாதாரப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தரும் செஃப் என்ற அமைப்பு, எம்பிஎச்சுக்குக் குறைந்தது 42 கிரெடிட் வேண்டும் என்கிறது. அதற்குள் சுகாதார நிர்வாகம், கொள்கை, சமூகக் காரணிகள், தகவல் தொடர்பு என்று எல்லாவற்றிலும் அடிப்படை வந்தாக வேண்டும். களத்தில் ஒரு அமைப்போடு வேலை செய்து காட்டவும் வேண்டும். இவ்வளவும் போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் புள்ளியியல். எம்எஸ் அப்படியில்லை. பொது சுகாதார அறிமுகமும் எபிடெமியாலஜியும் கொஞ்சம் இருக்கும். மற்றதெல்லாம் நிகழ்தகவு, இன்ஃபரன்ஸ் (மாதிரியிலிருந்து முழுமையைப் பற்றி முடிவுக்கு வருவது), ரிக்ரஷன் (மாறிகளுக்கிடையேயான தொடர்பை மதிப்பிடுவது), சர்வைவல் அனாலிசிஸ் (ஒரு நிகழ்வு நடக்க ஆகும் காலத்தை ஆராய்வது), காலவரிசைத் தரவு, மருத்துவப் பரிசோதனை வடிவமைப்பு.

நான் செய்தது, ஒரே பள்ளியின் இரண்டு பாடப்பட்டியல்களையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தது. எம்பிஎச் பட்டியலில் புள்ளியியல் பாடங்களுக்கு முன்தேவை என்று கல்லூரி அல்ஜீப்ராதான் போட்டிருந்தது. எம்எஸ் பட்டியலில் அதே துறையின் முதல் பாடத்துக்கே நுண்கணிதம் கேட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியில் எனக்கு விடை கிடைத்துவிட்டது. எனக்கு மாடல்களைப் பயன்படுத்துவதைவிட அவை ஏன் வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசை. அதனால் எம்எஸ்.

எம்பிஎச்சைக் குறைத்துச் சொல்லவில்லை. மருத்துவம் முடித்தவர்கள், சுகாதாரத் துறையில் திட்டங்களை நடத்துகிறவர்கள், தரவைப் படித்து முடிவெடுக்க வேண்டியவர்கள் எல்லோருக்கும் அது பொருத்தமான படிப்பு. ஆனால் கணக்கைத் தவிர்த்துவிட்டு பயோஸ்டாட்டிஸ்டிஷியன் ஆகிவிடலாம் என்று அந்த வழியில் போகிறவர்களைப் பார்த்தால்தான் சங்கடமாக இருக்கிறது. மருந்து நிறுவனங்களின் வேலை அறிவிப்புகளில் பெரும்பாலும் புள்ளியியலிலோ பயோஸ்டாட்டிஸ்டிக்ஸிலோ எம்எஸ் அல்லது பிஎச்டி என்றுதான் இருக்கிறது.

வெளிநாட்டு மாணவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். மாணவர் விசாவுக்காகப் பள்ளி தரும் ஐ-20 படிவத்தில், படிப்பு எந்த வகை என்று காட்டும் சிஐபி எண் ஒன்று இருக்கும். பயோஸ்டாட்டிஸ்டிக்ஸின் எண்ணான 26.1102 ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் உண்டு. அதாவது படிப்பு முடிந்து கிடைக்கும் 12 மாத ஓபிடிக்கு (படிப்பு சார்ந்த வேலை அனுமதிக்கு) மேல் இன்னும் 24 மாதம் நீட்டிப்புக்கு விண்ணப்பிக்கலாம். பொதுவான பொது சுகாதாரத்தின் எண்ணான 51.2201 அந்தப் பட்டியலில் இல்லை. பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ் பிரிவு எம்பிஎச்சை எந்த எண்ணில் பதிவு செய்திருக்கிறார்கள் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். சேருமுன் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சரி, கணக்குக்கு வருவோம். எம்எஸ்ஸுக்கு ஏறக்குறைய எல்லா இடத்திலும் கேட்பது இரண்டு. ஒன்று, பல மாறிகளுக்கான நுண்கணிதம் வரை முடித்திருக்க வேண்டும். மற்றொன்று லீனியர் அல்ஜீப்ரா. சும்மா வடிகட்டுவதற்காகக் கேட்கிறார்கள் என்று விண்ணப்பிக்கும்போது நினைத்துக்கொண்டிருந்தவர்கள் என் வகுப்பிலேயே உண்டு. முதல் மாதத்தில் அந்த நினைப்பு போய்விட்டது. இரண்டு சமவாய்ப்பு மாறிகளின் கூட்டுப் பரவலை எடுத்துக்கொண்டால் இரட்டைத் தொகையீடு வந்துவிடும். வயது, எடை, ரத்த அழுத்தம் என்று பல மாறிகள் கொண்ட ரிக்ரஷனில் கெழுக்களை மதிப்பிட, ஒவ்வொன்றுக்கும் பகுதி வகைக்கெழு எடுத்துப் பூச்சியத்துக்குச் சமப்படுத்த வேண்டும். அதைச் சுருக்கி எழுதினால் அது அணிச் சமன்பாடு. ஓர் அணியின் நேர்மாறு எப்போது இருக்காது என்று தெரியாதவருக்கு, இரண்டு மாறிகள் ஒன்றையொன்று ஒட்டிப் போகும்போது மாடல் ஏன் ஆட்டம் காண்கிறது என்பதும் புரியாது.

என் ட்ரான்ஸ்கிரிப்டில் கணிதம் 1, கணிதம் 2 என்று மட்டும்தான் இருந்தது. நம் ஊர்களில் படித்த பலருக்கும் இதே நிலைதான். உள்ளே பகுதி வகையீடு, இரட்டைத் தொகையீடு, ஐகன் மதிப்பு எல்லாம் படித்திருப்போம். அமெரிக்காவில் விண்ணப்பத்தைப் பார்க்கிற பேராசிரியருக்கு அது எப்படித் தெரியும்? பல எம்எஸ் படிப்புகள் எடுத்த கணக்குப் பாடங்கள், பயன்படுத்திய பாடநூல், வாங்கிய மதிப்பெண் ஆகியவற்றை நிரப்பத் தனிப் படிவமே வைத்திருக்கின்றன. அப்படிப் படிவம் இல்லாத இடங்களுக்கு நானே ஒன்று தயார் செய்தேன். பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை எடுத்து, ஒவ்வொரு அலகிலும் இருந்த தலைப்புகளை அமெரிக்கப் பாடப் பெயர்களுக்கு எதிரே எழுதினேன். முழு விண்ணப்பத்திலும் அதிக பலன் தந்தது அந்த ஒரு பக்கம்தான் என்று இன்றும் நினைக்கிறேன். சேர்ந்த பிறகு என் ஆலோசகரும் அதைக் குறிப்பிட்டார்.

லீனியர் அல்ஜீப்ரா மட்டும் அப்படிச் சமாளிக்க முடியவில்லை. அணிகள் படித்திருந்தேன். வெக்டர் வெளி, பரிமாணம், செங்குத்து வீழ்ச்சி எதுவும் படித்ததில்லை. அதனால் ஒரு பல்கலைக்கழகம் இணையவழியில் நடத்தும் பாடத்தில் பணம் கட்டிச் சேர்ந்து, தேர்வெழுதி, கிரெடிட் வாங்கினேன். இலவசமாகக் கிடைக்கும் இணையச் சான்றிதழ்கள் கற்றுக்கொள்ள நல்லவை. முன்தேவை என்று காட்டுவதற்குப் பல இடங்களில் செல்லாது. கிரெடிட்டும் கிரேடும் உள்ள ட்ரான்ஸ்கிரிப்டைத்தான் கேட்பார்கள். சில பள்ளிகள் விண்ணப்பிக்கும்போது முடித்திருக்கவில்லை என்றாலும், சேருவதற்குள் முடித்தால் போதும் என்று நிபந்தனையோடு இடம் தரும்.

விண்ணப்பத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பொது சுகாதாரப் பள்ளிகளுக்கு சோஃபாஸ் என்று ஒரு பொது விண்ணப்பத் தளம் இருக்கிறது. வெளிநாட்டு மதிப்பெண் பட்டியலை, வெளிநாட்டுக் கல்வியை மதிப்பிடும் டபிள்யூஇஎஸ் என்ற நிறுவனம் வழியாக மதிப்பிட்டு அதில் சேர்க்க வேண்டும். நம் பக்கத்துப் பல்கலைக்கழக அலுவலகம் உறை ஒட்டி முத்திரை குத்தி அனுப்புவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடும், ஆகவே முதலில் தொடங்க வேண்டிய வேலை இது. சில துறைகள் சோஃபாஸை விட்டுவிட்டுத் தங்கள் பல்கலைக்கழகத் தளத்திலேயே விண்ணப்பம் வாங்குகின்றன. 2020க்குப் பிறகு பல இடங்களில் ஜிஆர்இ கட்டாயமில்லை. ஆனால் கணக்குப் பின்னணி மெலிதாக இருக்கிறவர்கள் எழுதிவிடுவது நல்லது, கணிதப் பகுதியில் நல்ல மதிப்பெண் ஒரு சாட்சி. ஜிஆர்இ 5 வருடம் செல்லும், ஆங்கிலத் தேர்வுகளான டோஃபலும் ஐஇஎல்டிஎஸ்ஸும் 2 வருடம்தான்.

ரெக்கமண்டேஷன் கடிதம் வழக்கமாக மூன்று. அதில் ஒன்றாவது உங்களுக்குக் கணக்கு வரும் என்று சொல்லக்கூடியவரிடமிருந்து வர வேண்டும். துறைத்தலைவரின் பெயர் பெரிதாக இருக்கிறதே என்று வாங்கும் நாலு வரிக் கடிதத்தைவிட, உங்கள் ப்ராஜெக்ட் தரவை உட்கார்ந்து பார்த்த இளம் ஆசிரியரின் கடிதம் மேல். எஸ்ஓபியில் (ஏன் படிக்க வருகிறோம் என்று எழுதும் கட்டுரையில்) நான் ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் எழுதினேன்: ஏன் எபிடெமியாலஜி இல்லை, ஏன் பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ்? சின்ன வயதில் பார்த்த நோயாளிகளைப் பற்றி உருக்கமாக எழுதச் சொன்னவர்கள் இருந்தார்கள். எழுதவில்லை.

முதல் வருடம் முழுக்க இன்ஃபரன்ஸ்தான் ஆட்சி செய்தது. வாராவாரம் நிரூபணங்கள். உயிரியலில் மனப்பாடத்தால் நிறைய தாண்டிவந்த எனக்கு, தெரிந்ததை வைத்துத் தெரியாததைக் கட்டும் பழக்கம் வர நாளானது. அதே நேரத்தில் பயன்பாட்டு வகுப்புகளில் என்ஹேன்ஸ் என்ற அமெரிக்க தேசிய சுகாதார ஆய்வின் தரவைக் கையில் கொடுத்தார்கள். அது யாருக்கும் இலவசமாகக் கிடைக்கும். அந்த ஆய்வில் சில மக்கள் பிரிவினரை வேண்டுமென்றே அதிகமாகச் சேர்த்திருப்பார்கள். அந்தச் சேர்க்கையைச் சரிசெய்யும் புள்ளியியல் எடைகளைக் கணக்கில் எடுக்காமல் சாதாரணச் சராசரி போட்டால் வரும் எண் நாட்டைப் பற்றிச் சொல்லாது, கூப்பிட்டு வைத்த கூட்டத்தைப் பற்றித்தான் சொல்லும். எம்எஸ் பாடங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது சர்வைவல் அனாலிசிஸ். நோயாளி பாதியில் ஊர் மாறிப் போய்விட்டார், அவருக்கு என்ன ஆனது என்று தெரியாது. அவரைத் தூக்கிப் போடவும் கூடாது, இறந்ததாக எழுதவும் கூடாது. அவர் நம்மோடு இருந்த காலம்வரை உயிரோடு இருந்தார் என்ற தகவலை மட்டும் வீணாக்காமல் பயன்படுத்தக் கப்லான், மையர் இருவரும் 1958இல் வழி சொன்னார்கள். வயது, சிகிச்சை போன்றவற்றையும் சேர்த்துப் பார்க்க 1972இல் காக்ஸ் மாடல் வந்தது. மருத்துவ இதழைத் திறந்தால் இந்த இரண்டும் இல்லாத புற்றுநோய் ஆய்வைப் பார்ப்பது கடினம்.

மென்பொருளில் ஆர், சாஸ் இரண்டும் சொல்லிக்கொடுத்தார்கள். மருந்து நிறுவனங்களுக்குப் போக நினைக்கிறவர்கள் சாஸை ஒதுக்கக் கூடாது. இதைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று எஃப்டிஏ (மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் அமெரிக்க அரசு அமைப்பு) கட்டாயப்படுத்துவதில்லை என்றாலும், அந்தத் துறையின் பல வருடப் பழக்கம் அதில் ஊறிக் கிடக்கிறது. மற்ற எல்லாவற்றுக்கும் நான் ஆர்தான்.

இரண்டாம் வருடத்தில் கன்சல்டிங் வகுப்பு. வெளியிலிருந்து மருத்துவர்களும் ஆராய்ச்சியாளர்களும் தரவோடு வருவார்கள், நாங்கள் உதவ வேண்டும். வந்தவர்களில் பலர் எல்லாத் தரவையும் சேகரித்து முடித்துவிட்டுத்தான் வந்தார்கள். ஒரு மருத்துவர், பி-மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பு) வழக்கமான எல்லையான 0.05க்குக் கீழே வருகிற மாதிரி வேறு ஏதாவது சோதனை இருக்கிறதா என்று வெளிப்படையாகவே கேட்டார். ஆராய்ச்சி முடிந்த பிறகு புள்ளியியலாளரைக் கூப்பிடுவது பிரேதப் பரிசோதனைக்குக் கூப்பிடுவதுதான் என்ற பொருளில் புள்ளியியல் மேதை ஃபிஷர் 1938இல் கல்கத்தாவில், இந்தியப் புள்ளியியல் மாநாட்டில் பேசினார். அப்போதே அலுத்துப் போயிருக்கிறார் மனிதர். 2016இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் பி-மதிப்பைப் பற்றித் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட வேண்டி வந்தது. அந்த மருத்துவரிடம், இந்தத் தரவை வைத்து இவ்வளவுதான் சொல்ல முடியும் என்று மரியாதையோடு எழுதிக் கொடுப்பதற்கு நான் பட்ட சிரமம், எந்த நிரூபணத்துக்கும் பட்டதில்லை. எம்எஸ் படிப்பை ஒப்பிடும்போது இப்படி ஒரு வகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத இடத்தில் நான் சேரமாட்டேன்.

முடிக்கும் விதம் இடத்துக்கு இடம் வேறு. சில பள்ளிகளில் ஆய்வேடு, சிலவற்றில் விரிவான தேர்வு, சிலவற்றில் இரண்டுமே இல்லாமல் ஒரு ப்ராஜெக்ட். நான் ஆய்வேடு எழுதினேன்.

பிஎச்டி பற்றிக் கேட்கிறவர்களுக்கு: அமெரிக்காவில் அதற்கு எம்எஸ் முடித்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் பெரும்பாலான இடங்களில் இல்லை. கணக்கு வலுவாக இருந்தால் இளநிலை முடித்து நேரே போகலாம். ரியல் அனாலிசிஸ் (நுண்கணிதத்தை நிரூபணங்களோடு படிக்கும் பாடம்) படித்திருந்தால் தேர்வுக் குழு அதைத் தனியாகக் கவனிக்கும். எம்எஸ்ஸுக்குப் பெரும்பாலும் கைக்காசுதான் போடவேண்டும், பிஎச்டிக்கு வழக்கமாகக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் கிடைக்கும். அந்த உதவித்தொகையில் டி32 என்ற என்ஐஎச் (அமெரிக்க தேசிய சுகாதார ஆராய்ச்சி நிறுவனம்) பயிற்சி நிதி அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும் மட்டும். அதனால் வெளிநாட்டு மாணவர்கள் நம்ப வேண்டியது ஆராய்ச்சி உதவியாளர், ஆசிரியர் உதவியாளர் இடங்களைத்தான். நேர்காணலின்போது துறையில் எத்தனை வெளிநாட்டு மாணவர்களுக்கு முழு நிதி கிடைத்திருக்கிறது, அது எத்தனை வருடத்துக்கு என்று கேளுங்கள். நிதியோடு வரும் பிஎச்டி அழைப்புக்குப் பொதுவாக ஏப்ரல் 15 வரை பதில் சொல்ல அவகாசம் உண்டு. அதற்கு முன்பே முடிவைச் சொல் என்று எந்தத் துறையாவது நெருக்கினால், அந்தத் தேதிக்கு ஒப்புக்கொண்ட பல்கலைக்கழகங்களின் பட்டியலில் அதுவும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பதில் எழுதலாம்.