ஹென்லே முள்ளிலிருந்து தொடங்குங்கள்

ஆசாரிப்பள்ளத்திலும் குலசேகரத்திலும் மருத்துவம் படிக்கும் பிள்ளைகளிடம் காதைச் சுற்றியிருக்கும் மண்டையோட்டு எலும்பான டெம்போரல் எலும்பைக் கொடுத்தால், இடமா வலமா என்பதிலேயே பாதி நேரம் போய்விடும். மாஸ்டாய்டு முனை (காதுக்குப் பின்னால் தட்டுப்படும் மேடு) கீழே, ஸைகோமா (கன்ன எலும்பை நோக்கி நீளும் கிளை) முன்னே, பெட்ரஸ் (உள்காதைச் சுமக்கும் கெட்டியான பகுதி) உள்ளே. அவ்வளவுதான்.

இனி ஸைகோமாவின் வேரிலிருந்து காதுத் துளைக்கு மேலாகப் பின்னோக்கி ஓடும் வரம்பைத் தடவிப் பாருங்கள். உள்ளே மூளையுறை ஏறக்குறைய இதே உயரத்தில்தான் இருக்கிறது. துளையின் பின்மேல் விளிம்பில் துருத்தி நிற்பது ஹென்லே முள். சில எலும்புகளில் மழுங்கிப்போயிருக்கும், சிலவற்றில் இருக்கவே இருக்காது. அப்போது துளை விளிம்பையே நம்ப வேண்டும். மேலே அந்த வரம்பு, முன்னே துளையின் பின்மேல் விளிம்பு, பின்னே துளையின் பின்விளிம்பைத் தொட்டு நிற்கும் செங்குத்துக் கோடு: இதுதான் மெக்கீவன் முக்கோணம். இதற்கு நேர் உள்ளே ஆன்ட்ரம், அதாவது நடுக்காதோடு சேரும் காற்றறை.

ஆன்ட்ரத்தின் ஆழம் வளர்ந்தவருக்கு 12 முதல் 15 மில்லிமீட்டர், பிறந்த குழந்தைக்கு 2 மில்லிமீட்டர்தான். குழந்தைக்கு மாஸ்டாய்டு முனையே வளர்ந்திருக்காது. முக நரம்பு தோலுக்குக் கீழேயே வெளிவரும். காதுக்குப் பின்னால் போடும் கீறலைப் பெரியவருக்குப் போடுவதுபோல் கீழே இறக்கினால் நரம்பு போய்விடும்.

அறுவையில் ஆன்ட்ரத்தை எட்ட டிரில் செய்யும்போது ஏமாற்றுவது கோர்னர் தடுப்பு. காற்றறைகளுக்கு நடுவே நிற்கும் இந்த எலும்புத் தகட்டை ஆன்ட்ரத்தின் உட்சுவர் என்று எண்ணி நின்றுவிடுகிறார்கள். இல்லையென்றால் வழி தவறிக் கீழே இறங்கி நரம்பை நெருங்குகிறார்கள். முதலில் மேலே மூளையுறைத் தகட்டை மெலிதாக்கி, அதைப் பிடித்துக்கொண்டு முன்னும் உள்ளுமாகப் போனால் தப்பாது. உள்காதின் சமநிலை உறுப்பான பக்கவாட்டு அரைவட்டக் குழாயின் மேடு கண்ணில் பட்டால் ஆன்ட்ரத்துக்குள் வந்துவிட்டீர்கள்.

காதுக்குழாயின் முன்சுவருக்கு அப்பால் தாடை மூட்டு. பைக்கிலிருந்து விழுந்து தாடையில் அடிபட்டவருக்குக் காதில் ரத்தம் வந்தால், மண்டையோட்டு முறிவை மட்டும் தேடாமல் இந்தச் சுவரையும் பாருங்கள்.

குளிர்நீரில் பல ஆண்டுகள் மூழ்குபவருக்குக் காதுக்குழாயின் எலும்புப் பகுதியில் மேடுகள் வளரும். முட்டம், குளச்சல் கடல் வெதுவெதுப்பானது. அங்கிருந்து காதடைப்பு என்று வருபவரிடம் முதலில் குறும்பியையும் பூஞ்சைக் காளானையும் தேடுங்கள்.