பறக்கும் தட்டு ராக்கெட்டில் மூன்று மோட்டார்கள்

ஒற்றை மோட்டாருக்கென வடிவமைக்கப்பட்ட, 20 செ.மீ. விட்டமுள்ள பறக்கும் தட்டு வடிவ மாதிரி ராக்கெட்டை நாமே கட்டிக்கொள்ளும் தொகுப்பு ஒன்று ஓராண்டாக என் அலமாரியில் பிரிக்கப்படாமல் கிடந்தது. அதில் 18 மி.மீ. தடிமனுள்ள சி6 வகைக் கருமருந்து மோட்டார்கள் (முதல் எழுத்து ஆற்றல் வகுப்பைக் குறிக்கும்) மூன்றைப் பொருத்தி ஒரே நேரத்தில் எரியவிட வேண்டுமென்று தோன்றியது. அடுத்த வகுப்பான 24 மி.மீ. டி12 மோட்டார் ஒன்றைப் பொருத்தியிருந்தால் வேலை பாதியாகக் குறைந்திருக்கும். ஆனால் மூன்று சுடர்கள் சேர்ந்து கிளம்புவதைப் பார்க்கும் ஆசை அதில் தீராது.

மோட்டார் குழாயின் வெளிவிட்டம் 18.7 மி.மீ. அத்தகைய மூன்று குழாய்களை முக்கோணமாக ஒட்டி வைத்தால் அவற்றைச் சுற்றி வரையும் வட்டத்தின் விட்டம் 40.3 மி.மீ. ஆகிறது. கடைகளில் கிடைக்கும் 41.6 மி.மீ. அட்டைக் குழாயின் உள்விட்டம் 40.5 மி.மீ. என்பதால் மூன்றும் கச்சிதமாக அதற்குள் இறங்கின. அழகுக்காகத் தட்டின் ஓரத்தை நோக்கி அவற்றை விரித்து வைக்கலாமா என்று முதலில் எண்ணினேன். நெருக்கமாக வைத்தால், ஒரு மோட்டார் பற்றாமல் போனாலும் உந்துவிசைக் கோடு நடுவிலிருந்து 5.4 மி.மீ. மட்டுமே விலகும் என்று கணக்கிட்ட பிறகு அந்த எண்ணத்தைக் கைவிட்டேன்.

நான் எடுத்த சி6-0 வகையில் தாமதக் கலவை, அதாவது உந்துவிசை நின்றபின் சில நொடிகள் மெதுவாக எரியும் மருந்து, கிடையாது. கருமருந்து எரிந்து முடியும் கணத்தில் முன்பக்கமாகவும் தீ பீறிடும். ஆகவே அந்தத் தீ வெளியேற மேல்கூம்பில் மூன்று துளைகளிட்டு, உட்புறம் அலுமினிய நாடா ஒட்டினேன்.

உண்மையான சிக்கல் எடையில்தான் இருந்தது. தொகுப்பில் சொன்னபடி கட்டினால் 45 கிராம் வரவேண்டிய தட்டு, என் கையில் 78 கிராம் ஆகிவிட்டது. அதோடு ஒவ்வொன்றும் ஏறத்தாழ 24 கிராம் எடையுள்ள மூன்று மோட்டார்கள் கீழே தொங்கியதால், நிலையாகப் பறக்குமா என்று சோதிக்க நூலில் கட்டிச் சுழற்றிப் பார்த்தபோது தட்டு பின்பக்கத்தை முன்னே காட்டிப் பறந்தது. களிமண் சேர்த்து மேல்பக்கத்தைக் கனமாக்குவதே பலர் செய்யும் வழி. ஆனால் பாராசூட் இல்லாமல் காற்றின் எதிர்ப்பை மட்டுமே நம்பி இறங்கும் தட்டில் ஒவ்வொரு கிராமும் தரையில் மோதும் வேகத்தைக் கூட்டும். எடை இரு மடங்கானால் வேகம் சுமார் 1.4 மடங்காகும். எனவே களிமண்ணைத் தவிர்த்து, குழாய்த் தொகுதி முழுவதையும் 15 மி.மீ. மேலே ஏற்றி ஒட்டினேன். அடுத்த சுழற்சியில் தட்டு ஒழுங்காக முகம் காட்டியது.

மூன்றின் மொத்தக் கணத்தாக்கு (உந்துவிசையும் அது நீடிக்கும் நேரமும் சேர்ந்த அளவு) 26 நியூட்டன்-நொடியைத் தாண்டுவதால் இது ஈ வகுப்பில் சேரும். அமெரிக்கத் தேசிய ராக்கெட் சங்கத்தின் பாதுகாப்பு நெறிப்படி 30 அடி தள்ளி நின்று ஏவ வேண்டும். பற்றவைப்பான்களைத் தொடரிணைப்பில் கோத்தால் முதலில் எரிவது சுற்றையே அறுத்துவிடும் என்பதால், மூன்றையும் பக்க இணைப்பில் 12 வோல்ட் கார் மின்கலத்தோடு இணைத்தேன்.

முதல் ஏவுதலில் இரண்டு மட்டுமே பற்றின. தட்டு ஏவுகம்பியை விட்டதும் சாய்ந்து, சுமார் 15 மீட்டர் உயரத்தில் பெரிய வளைவு போட்டு, எரியாத மோட்டார் இருந்த பக்கம் தாழ்ந்து விழுந்தது. ஓரத்தில் ஒரு விரலளவு பிளந்தது. சோதித்ததில், மின்கம்பிகளை மாட்டும் கவ்விகளின் கனம் ஒரு பற்றவைப்பானைக் கீழே இழுத்து, அதன் முனையை மருந்திலிருந்து விலக்கியிருந்தது தெரிந்தது. மோட்டாரைக் குறைசொல்ல எதுவுமில்லை, கவனக்குறைவு என்னுடையது.

பிளவை எப்பாக்சியால் ஒட்டி, கம்பிகளின் கனத்தைத் தாங்க ஏவுமேடையில் ஒரு மரக்குச்சியை நட்டு, அதில் அவற்றைக் கட்டினேன். அடுத்த சனிக்கிழமை மூன்றும் ஒரே உறுமலாகப் பற்றின. தட்டு நேராக எழும்பி, கண்மதிப்பில் 60 மீட்டர் வரை போய், அசைந்தாடியபடி புல்லில் வந்து அமர்ந்தது. ஒரு துளையைச் சுற்றி மட்டும் நாடா கருகியிருக்கிறது; அடுத்த முறை துளைகளை 2 மி.மீ. அகலப்படுத்த வேண்டும்.