ஆன்டெனாவும் கேபிள் இன்டர்நெட்டும் ஒரே வயரில்: நாங்கள் பட்ட பாடு

நியூஜெர்சியில் நாங்கள் இருப்பது தொண்ணூறுகளில் கட்டிய வீடு. எல்லா அறையிலும் கோஆக்ஸ் (கேபிள் டிவிக்கான வட்ட வயர்) அவுட்லெட் உண்டு, ஈதர்நெட் (இன்டர்நெட்டுக்கான வயர்) எங்கேயும் கிடையாது. கேபிள் டிவி பில் ஏறிக்கொண்டே போனதால் டிவியை மட்டும் நிறுத்திவிட்டு இன்டர்நெட்டை அதே கம்பெனியில் வைத்துக்கொண்டோம். நியூயார்க் சேனல்கள் ஆன்டெனாவிலேயே இலவசமாகக் கிடைக்கும் என்பதால் ஆள் வைத்து அட்டிக்கில் ஒன்று மாட்டினோம். அதுவரைக்கும் எல்லாம் சுமுகம்.

அந்த ஆள் பேஸ்மென்ட்டில் செய்துவிட்டுப் போன இணைப்புதான் எங்களைப் படுத்தியது. தெருவிலிருந்து வரும் கேபிள் லைனையும் ஆன்டெனா லைனையும் ஒரு ஸ்ப்ளிட்டரை, அதாவது ஒரு வயரைப் பலவாகப் பிரிக்கும் சின்னப் பெட்டியை, திருப்பிப் போட்டு ஒன்றாக்கி, வீடு முழுக்கப் போகும் வயரிங்கில் கொடுத்துவிட்டார். எல்லா அறையிலும் டிவி, இன்டர்நெட் இரண்டுமே வரும் என்று அடித்துச் சொன்னார். அன்று ராத்திரியே பாதிச் சேனல்கள் கட்டம் கட்டமாக உடைந்தன. மோடம் நினைத்தபோது விழுந்து விழுந்து எழுந்தது.

காரணம் எளிது. அமெரிக்காவில் ஆன்டெனா சேனல்கள் 54 முதல் 608 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசைக்குள் வருகின்றன. கேபிள் கம்பெனி வீட்டுக்குள் அனுப்புவதும் வழக்கமாக 54-இல் ஆரம்பித்து 1002 வரை, சில ஊர்களில் அதற்கு மேலும் போகிறது. இரண்டும் ஒரே இடத்துக்குத்தான் போட்டி போடுகின்றன. எவ்வளவு விலை கொடுத்து ஸ்ப்ளிட்டர் வாங்கினாலும் இவற்றை ஒரே வயரில் சேர்க்க முடியாது. வயரிங் வேலைக்கு என்று வருகிறவருக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

கஸ்டமர் கேரில் பேசியவர் ஒரு கேள்வியும் கேட்காமல் மோடம் பழசு என்று முடிவு கட்டிவிட்டார். அரை நாள் லீவு போட்டு, கடையில் வரிசையில் நின்று மாற்றிக்கொண்டு வந்தோம். அதே கதை. அடுத்து வந்த டெக்னீஷியன் வெளிச்சுவரில் உள்ள பெட்டியில் மீட்டரை வைத்துப் பார்த்து, லைன் சுத்தமாக இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். பேஸ்மென்ட் படியில் இறங்கக்கூட இல்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இந்த நிலைமையில் இருப்பவர்கள் முதலில் பிரவுசரில் 192.168.100.1 என்று அடித்துப் பாருங்கள். பெரும்பாலான கேபிள் மோடங்களில் சிக்னல் பக்கம் அங்கேதான் இருக்கும். டவுன்ஸ்ட்ரீம் பவர், அதாவது மோடத்துக்கு வந்து சேரும் சிக்னலின் பலம் (dBmV), மைனஸ் 7-க்கும் பிளஸ் 7-க்கும் நடுவில் இருந்தால் நல்லது; எஸ்என்ஆர், அதாவது இரைச்சலைவிட சிக்னல் எவ்வளவு பலம் என்பது, 33 டெசிபெலுக்கு மேல் வேண்டும். சரிசெய்ய முடியாத பிழைகளின் எண்ணிக்கை கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தால் உடனே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். அதைக் காட்டிய பிறகுதான் எங்கள் புகாரை லைன் பராமரிப்புப் பிரிவுக்கு மாற்றினார்கள். வாயால் எவ்வளவு சொன்னாலும் அசையாதவர்கள் அந்தப் படத்துக்கு அசைந்தார்கள்.

அந்தப் பிரிவிலிருந்து வந்தவர் ஒரு பெரியவர். நேராகப் பேஸ்மென்ட்டுக்குப் போய் மீட்டரை என்னிடம் காட்டினார். 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை, அதாவது நம் வீட்டிலிருந்து கம்பெனிக்குத் திரும்பிப் போகும் பகுதியில், கோடு புல் முளைத்த மாதிரி மேடும் பள்ளமுமாக நின்றது. ஆன்டெனா வயரின் கனெக்டரைக் கழற்றினார்; கோடு அப்படியே தரையோடு படுத்துவிட்டது. அட்டிக் ஆன்டெனா பிடித்த சிற்றலை இரைச்சலெல்லாம் எங்கள் லைன் வழியாகத் தெருவுக்குப் போய், அக்கம்பக்கத்து வீடுகளின் இன்டர்நெட்டையும் கெடுத்துக்கொண்டிருந்தது. அவர் சொன்ன இன்னொரு விஷயம்தான் என்னை உலுக்கியது. இப்படிச் சேர்த்தால் கேபிளுக்குள் இருக்க வேண்டிய சிக்னல் ஆன்டெனா வழியாக வெளியேயும் கசியலாம். 108 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை விமானங்கள் பயன்படுத்தும் பகுதி. அதனால் கசிவு விஷயத்தில் எஃப்சிசி (அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம்) விதிகள் கடுமை, கம்பெனி இணைப்பைத் துண்டிக்கவும் செய்யும்.

அப்புறம் வேலை சட்டென்று முடிந்தது. தெரு லைன் நேராக மோடத்துக்கு, நடுவில் ஸ்ப்ளிட்டரே கிடையாது. மோடத்தைப் பேஸ்மென்ட்டிலேயே வைத்துவிட்டோம். மீதி வயரிங் முழுவதும் ஆன்டெனாவுக்கு.

ஆனால் மாடி அறைகளுக்கு இன்டர்நெட் வேண்டுமே. அதற்கு, கோஆக்ஸ் வயரிலேயே வீட்டு நெட்வொர்க்கைக் கடத்தும் மோக்கா 2.5 அடாப்டர்கள் வாங்கினேன். இவை 1125 முதல் 1675 மெகாஹெர்ட்ஸில் ஓடுவதால் ஆன்டெனா சேனல்களோடு ஒரே வயரில் இருக்கலாம். பேஸ்மென்ட்டில் ஒன்றை ரூட்டரோடும் வீட்டு வயரிங்கோடும் இணைத்தேன், மாடியில் ஒன்று. இங்கேயும் ஒரு முட்டுக்கட்டை வந்தது: வேகம் ஏறவே இல்லை. படுக்கையறை அவுட்லெட் மூடியைக் கழற்றிப் பார்த்தால், சுவருக்குள் பெயின்ட் தெறித்த ஒரு பழைய ஸ்ப்ளிட்டர் ஒளிந்திருந்தது. தூசியைத் துடைத்தபோது 5–900 மெகாஹெர்ட்ஸ் என்ற எழுத்து தெரிந்தது. மோக்கா ஓடும் உயரத்துக்கு அது சரிப்படாது. அந்த இடத்தில் பிரிக்க வேண்டிய தேவையே இல்லை என்பதால் எடுத்துவிட்டு நேரடியாக இணைத்தேன். பேஸ்மென்ட் ஸ்ப்ளிட்டரையும் 1675 வரை போகும் ஒன்றாக மாற்றினேன். இப்போது மாடியில் கிகாபிட் வேகம் முழுசாக வருகிறது. அதைப் பார்த்தபோது வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

ஆன்டெனாவுக்கு ஆம்ப்ளிஃபயர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வைத்திருந்தால் வரிசை முக்கியம்: ஆன்டெனா, ஆம்ப்ளிஃபயர், மோக்கா ஃபில்டர் (மோக்கா சிக்னலைத் தடுப்பது), அதற்குப் பிறகே ஸ்ப்ளிட்டர். ஃபில்டர் இல்லாவிட்டால் மோக்கா சிக்னல் ஆம்ப்ளிஃபயரைக் குழப்பும். ஸ்ப்ளிட்டரில் தேவைக்கு மேல் முனை வேண்டாம். இருவழி ஸ்ப்ளிட்டரே ஒவ்வொரு முனையிலும் சுமார் 3.5 டெசிபெல் தின்றுவிடும், நான்குவழி 7. சும்மா இருக்கும் முனைகளில் 75 ஓம் டெர்மினேட்டர் (முனையை அடைக்கும் சின்ன மூடி) திருகிவிடுங்கள். சாட்டிலைட் டிஷ் வைத்திருப்பவர்கள் அந்த வயரில் சாதாரண மோக்கா அடாப்டர் போடாதீர்கள். டிஷ்ஷிலிருந்து வருவது 950-இல் ஆரம்பிப்பதால் நேராக மோதும்.

ஆன்டெனா இல்லாமல் கேபிள் லைனிலேயே மோக்கா ஓட்டுகிறவர்கள், தெரு லைன் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் ஃபில்டரைக் கட்டாயம் போடுங்கள். இல்லாவிட்டால் உங்கள் வீட்டு நெட்வொர்க் பக்கத்து வீடு வரை எட்டிப் பார்க்கும். அடாப்டரின் செட்டிங்கில் மோக்கா பாஸ்வேர்டையும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.