ஒரு பிராட்பேண்ட் லைன், இரண்டு கம்ப்யூட்டர்: எங்கள் வீட்டில் செய்த விதம்

2007-ல், பிஎஸ்என்எல்லின் பிராட்பேண்ட் சேவையான டேட்டாஒன் 2 எம்பிபிஎஸ் வரை வேகம் கொடுக்க ஆரம்பித்திருந்த நேரம். வீட்டில் இரண்டு விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள். ஹாலில் இருந்தது என்னுடையது, உள்ளறையில் தங்கையுடையது. அவளுக்குக் கல்லூரியில் இறுதியாண்டு ப்ராஜெக்ட். நான் கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கும் வரை அவள் காத்திருப்பதும், அவள் கேட்டதை நான் டவுன்லோட் செய்து பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுப்பதும் எனக்குப் பிடிக்கவே இல்லை.

மோடத்தில் இருந்தது கம்ப்யூட்டருக்குக் கேபிள் செருகும் லேன் போர்ட் ஒன்றே ஒன்று. அதுவும் பிரிட்ஜ் முறையில் வைத்திருந்தார்கள். அதாவது மோடம் சும்மா சிக்னலைக் கடத்தும். யூசர்நேம், பாஸ்வேர்டு கொடுத்து டயல் செய்வது என் கம்ப்யூட்டர். அதனால் முதலில் எக்ஸ்பியிலேயே இருக்கும் இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங்கை முயன்றேன். ஒரு லேன் கார்டில் மோடம் இருப்பதால், தங்கையின் கம்ப்யூட்டரை இணைக்க என் கம்ப்யூட்டருக்கு இரண்டாவதாக ஒரு லேன் கார்டு வேண்டும். ரிச்சி தெருவில் கார்டு வாங்கும்போதே கடைக்காரர் கேட்டுவிட்டார்: "கம்ப்யூட்டர் டு கம்ப்யூட்டரா சார்? அப்போ கிராஸ் கேபிள்தான் போடணும்." ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் ஒரு முனையில் மட்டும் இடம் மாறியிருக்கும் கேபிள் அது. ஒரு பக்கம் அனுப்பும் கம்பி, மறுபக்கம் வாங்கும் கம்பியோடு சேர வேண்டும் அல்லவா, அதற்காக.

செட்டிங் கஷ்டமில்லை. நெட்வொர்க் கனெக்ஷன்ஸில் போய், டயல் செய்யும் பிராட்பேண்ட் இணைப்பின் ப்ராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பக்கத்தைத் திறந்து, மற்றவர்களை அனுமதிக்கும் பெட்டியில் டிக் போட வேண்டும். மோடம் செருகியிருக்கும் லேன் கார்டைப் பகிர்ந்தால் ஒன்றும் நடக்காது; பகிர வேண்டியது அந்த டயல் இணைப்பைத்தான். டிக் போட்டதும் புதுக் கார்டுக்கு 192.168.0.1 என்ற முகவரியை எக்ஸ்பியே கொடுத்துவிடும். தங்கையின் கம்ப்யூட்டரில் முகவரியைத் தானாக எடுக்கும்படி விட்டால் போதும். அங்கே கமாண்ட் ப்ராம்ப்டில் ஐபிகான்ஃபிக் என்ற, முகவரியைக் காட்டும் கட்டளையை அடித்துப் பார்க்கையில் 192.168.0 என்று தொடங்கினால் சரி. 169.254 என்று வந்தால் இரண்டு கம்ப்யூட்டரும் இன்னும் பேசிக்கொள்ளவில்லை என்று பொருள். கேபிளையும், வெளித்தொடர்பைத் தடுக்கும் ஃபயர்வாலையும் பார்க்க வேண்டும்.

எங்களுக்குச் சரியாகவே வந்தது. ஆனால் அவள் பக்கம் கூகுள் திறக்கும், சில தளங்கள் மட்டும் பாதியில் நின்றுவிடும். என் கம்ப்யூட்டரில் அதே தளங்கள் நன்றாகத் திறந்தன. நிறையப் படித்த பிறகுதான் காரணம் பிடிபட்டது. லேனில் தகவல் துண்டு துண்டாகப் போகும்; ஒரு துண்டு, அதாவது பாக்கெட், 1500 பைட் வரை போகலாம். டயல் செய்யும் முறையான பிபிபிஓஇ அதில் 8 பைட்டைத் தனக்கு எடுத்துக்கொள்ளும். மீதி 1492 என்றாலும், எக்ஸ்பி அந்த இணைப்புக்கு 1480 என்றே வைத்திருக்கும். இது என் கம்ப்யூட்டருக்குத் தெரியும், அவளுடையதற்குத் தெரியாது. விண்டோஸ் தன் செட்டிங்குகளை வைத்திருக்கும் ரிஜிஸ்ட்ரியில், அவள் கம்ப்யூட்டரின் எம்டியூவை, அதாவது பாக்கெட்டின் அதிகபட்ச அளவைக் குறைத்து ரீஸ்டார்ட் செய்தேன். நின்றுபோன தளங்கள் எல்லாம் திறந்தன. அன்று அவ்வளவு சந்தோஷம்!

இருந்தாலும் இந்த ஏற்பாடு நிலைக்கவில்லை. என் கம்ப்யூட்டர் ஓடினால்தான் அவளுக்கு நெட். நான் ரீஸ்டார்ட் செய்தால் உள்ளறையிலிருந்து "அண்ணா, நெட் போயிடுச்சு" என்று குரல் வரும். அப்போது எங்கள் பிளானில் இரவு 2 முதல் காலை 8 மணி வரை டவுன்லோட் கணக்கில் சேராமல் இருந்தது. அவள் அந்த நேரத்தைப் பயன்படுத்த இரண்டு கம்ப்யூட்டரும் விடிய விடிய ஓட வேண்டியிருந்தது. கரண்ட் பில்லை அப்பா கவனிக்காமல் இருப்பாரா?

அதனால் டயல் செய்யும் வேலையை மோடத்துக்கே கொடுத்தேன். இதைத்தான் எல்லோருக்கும் சொல்வேன். எப்படியும் ஆனிலேயே இருக்கும் பெட்டி அது. பிரவுசரில் மோடத்தின் முகவரியான 192.168.1.1 போய், பிரிட்ஜ் என்பதை பிபிபிஓஇ என்று மாற்றி, யூசர்நேமும் பாஸ்வேர்டும் கொடுத்தேன். பிஎஸ்என்எல் லைனுக்கான விபிஐ 0, விசிஐ 35 என்ற எண்களைத் தொடவில்லை. அவை மாறினால் லைனே வராது. அப்புறம் என் கம்ப்யூட்டரில் ஷேரிங் டிக்கை எடுத்துவிட்டு, முகவரியைத் தானாக எடுக்கும்படி வைத்தேன். மோடத்திலிருந்து ஒரு 5 போர்ட் நெட்வொர்க் சுவிட்சுக்கு (ஒரே லேன் இணைப்பைப் பல கம்ப்யூட்டர்களுக்குப் பிரிக்கும் பெட்டி) ஒரு கேபிள், அதிலிருந்து ஆளுக்கு ஒன்று. கம்பிகளின் இடத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் புது சுவிட்ச் என்பதால் பழைய கிராஸ் கேபிளையே அது ஏற்றுக்கொண்டது. எம்டியூ தொல்லையும் திரும்ப வரவில்லை.

இப்படி மாற்றினால் இரண்டைக் கவனியுங்கள். இணைப்பு எப்போதும் உயிரோடு இருப்பதால் பகலில் விண்டோஸ் அப்டேட் பிளானின் அளவைத் தின்றுவிடும். எங்கள் பிளான்போல இரவில் கணக்கில் சேராத நேரம் இருந்தால், அதை அந்த நேரத்துக்குத் தள்ளிவையுங்கள். பழைய மோடங்களில் அட்மின் பாஸ்வேர்டு பெரும்பாலும் அட்மின் என்றே இருக்கும். வெளியுலகத்தை நேரடியாகப் பார்ப்பது இனி மோடம்தான் என்பதால் அதை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.